அக்கரையில் வார்த்த தாரை

ஸ்காபரோவில் குடியிருக்கும் தமிழருக்கு எழுதாத கடமை ஒன்று உண்டு. லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ சொந்தக்காரர் யார் வந்து இறங்கினாலும் அவர்களை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போயாக வேண்டும். றோல்ஸும் கட்லட்டும் பொரித்து, சோற்றுப் பார்சல் கட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நானும் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். தொடக்கத்தில் நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். போகப்போகக் காரை விட்டே இறங்குவதில்லை. “தண்ணி விழுகுது, போய்ப் பாத்திட்டு வாங்கோ” என்று வந்தவர்களை அனுப்பிவிட்டு, சீட்டைச் சாய்த்து ஒரு கோழித்தூக்கம் போடுவேன்.

அதே ஆறு என்னை மறுபடியும் வாயடைக்க வைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அது அருவிக்குப் பக்கத்தில் நடக்கவில்லை. விழுந்த தண்ணீர் பாறை இடுக்கு வழியே கீழே ஓடி வந்து கொஞ்சம் மூச்சு விடுகிற இடத்தில், மீன் பிடிக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் வராத ஒரு கரையில் நடந்தது.

அதற்கு முன் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ட்ரக் ஓட்டுபவர். வாரத்தில் பாதி நாள் அமெரிக்க நெடுஞ்சாலைகளில்தான் அவருடைய சீவியம். ஓடும்போது அமெரிக்க வானொலி, வீட்டுக்கு வந்தால் அமெரிக்கத் தொலைக்காட்சி. எங்கள் மல்வேர்ன் பக்கத்து எம்.பி. யார் என்று கேட்டால் தலையைச் சொறிவார். தெக்சாஸ் எல்லையில் நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு வகுப்பெடுப்பார். அமெரிக்காவில் ஆட்சி மாறிக் குடிவரவுச் சட்டங்களை இறுக்கத் தொடங்கியபோது அவருக்கு வந்த உற்சாகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தனக்கு வாக்கே இல்லாத நாட்டுக்கு இப்படி ஒரு வாக்காளர்.

“வீடெண்டால் கதவு இருக்கும். கதவைத் தட்டி வாறவனும் வேலி பாஞ்சு வாறவனும் ஒண்டோ? அதைத்தானே அவங்கள் கேக்கிறாங்கள். அதிலை என்ன பிழை?”

இதைச் சொல்ல அவரிடம் சொந்தக் கதை ஒன்று இருந்தது. இளந்தாரி வயதில் எங்கெங்கோ சுற்றி நியூயோர்க்கில் இறங்கி, பஃபலோவில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் முறை வரும் வரைக்கும் படுத்துக் கிடந்து, ஒரு பனிக்காலக் காலையில் பாலத்தைக் கடந்து கனடாவின் வாசலில் போய் நின்றவர் அவர். அங்கே இருந்த அதிகாரியிடம் தன் பெயரைச் சொல்லி, தான் அகதி என்பதையும் சொல்லியிருக்கிறார். “நான் ஒளிச்சு வரேல்லை. கதவைத் தட்டினனான். இருக்கச் சொன்ன கதிரையிலை இருந்தனான். வாவெண்ட பிறகுதான் உள்ளை வந்தனான்.” இப்போதும் அந்தப் பாலத்தில் ட்ரக்கோடு போகும்போது ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைப்பாராம். மனுசன் கோயிலில்கூட அப்படி நிற்பதில்லை.

நான் அவருக்கு நேர் எதிர். “நீங்கள் தட்டேக்கை கதவு இருந்தது. இப்ப கதவைக் கழட்டிப்போட்டுச் சுவர் கட்டியிருக்கிறாங்கள். எந்த இடத்திலை தட்டுறது, சொல்லுங்கோ பாப்பம்” என்பேன். அவர் “உமக்கு விளங்காது” என்பார். உண்மையைச் சொன்னால் அமெரிக்கச் சட்டம் எனக்கு அரைவாசியும் விளங்காதுதான். என் தங்கச்சி அங்கே இருக்கிறாள். என் அரசியல் அவ்வளவுதான்.

தங்கச்சியின் புருஷன் கடைசி யுத்தத்தில் காணாமற்போனவர். அவரைத் தேடிப் போன இடங்களிலெல்லாம் விசாரணையும் மிரட்டலும் கூடவே வந்தன. ஒருநாள், பால்பல் விழத் தொடங்கியிருந்த மகளை, அவளுக்கு மாமி முறையான புருஷனின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு ஏஜென்ட்டை நம்பிப் புறப்பட்டாள். கனடாவுக்கு என்று புறப்பட்டவள், காடும் ஆறும் தாண்டி அமெரிக்காவின் தெற்கு எல்லையில் போய்ப் பிடிபட்டாள். அங்கேயே அகதி வழக்குப் போட்டாள். அந்த வழக்கு இன்றுவரை முடியவில்லை. நியூஜேர்சியில் ஒரு காஸ் ஸ்டேஷன் கடையில் காசாளராக நிற்கிறாள். வேலை செய்ய அனுமதி இருக்கிறது. நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் வழக்கும் போய்விடும், திரும்பி உள்ளே போகவும் முடியாது. அங்கே வழக்குப் போட்டவர் இங்கே வந்து புதிதாக அகதி வழக்குப் போட முடியாது என்று எங்கள் வக்கீலும் கையை விரித்துவிட்டார்.

அவள் விட்டுவிட்டு வந்த மகள் வளர்ந்து, படிப்பு விசாவில் ரொறன்ரோவுக்கு வந்து, எங்கள் வீட்டில் இருந்தே படித்து முடித்து வேலைக்கும் போகத் தொடங்கினாள். அமெரிக்க விசாவுக்குக் கேட்டுக் கேட்டுப் பார்த்தோம், கொடுக்கவில்லை. தாய்க்கும் மகளுக்கும் இடையில் ஒரு பகல் கார் ஓட்டம். அந்தத் தூரத்தை இரண்டு பேராலும் கடக்க முடியவில்லை. இந்த நிலையில்தான் பெட்டைக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பிக்கரிங்கில் வீடு, நல்ல குடும்பம்.

ஒவ்வொரு ஞாயிறும் தங்கச்சி போன் எடுப்பாள். எடுத்தால் என்னோடு கொஞ்ச நேரம், தன் அத்தானோடு மிச்சம் எல்லாம். இரண்டு பேரும் அமெரிக்க அரசியலில் பிடிக்கும் சண்டையைக் கேட்டால், புதிதாக வருகிறவர்கள் இனி இந்த இரண்டு பேரும் முகத்திலேயே விழிக்க மாட்டார்கள் என்று நினைப்பார்கள். ஆனால் என்னை வியக்க வைத்தது வேறு. அவள் முழுக்க என் பக்கமும் இல்லை.

“பொய்க் கேஸ் போடுறவையாலை உண்மைக் கேஸ்காரரும் சேந்து அடிபடுகினம். அதிலை அத்தான் சொல்லுறது சரி” என்பாள் ஒருநாள். இன்னொரு நாள், “என்ரை முதலாளியும் வந்தேறு குடிதான் அக்கா. கதவைப் பூட்டுறவைக்குத்தான் வோட்டுப் போட்டவர். ஆனால் எனக்குக் காய்ச்சல் எண்டால் தானே வந்து கடையிலை நிப்பார். ஆரை நல்லவை எண்டுறது, ஆரைக் கெட்டவை எண்டுறது” என்பாள். வீட்டுக்காரர் வழக்கம்போல வரிசை, ஒழுங்கு என்று தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “நான் வரிசையிலைதான் நிக்கிறன் அத்தான். வரிசைதான் நகரேல்லை.”

வீட்டுக்காரர் அன்றைக்குப் போனை என்னிடம் தந்துவிட்டுப் பின்வளவுக்குப் போய், வெட்டத் தேவையில்லாத புல்லை வெட்டிக்கொண்டிருந்தார்.

கலியாணம் நெருங்க, ஐயர் வீட்டுக்கு வந்து சடங்குகளைச் சொன்னார். கன்னிகாதானத்தில் தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்க, பக்கத்தில் நிற்கிற தாய் செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பாள். தாரை வார்த்தல் என்போம். தண்ணீர் விழுந்தால் கொடுத்தது கொடுத்ததுதான். பெண்ணின் தகப்பன் இல்லை, தாய் வர முடியாது. “பெரியப்பாவும் பெரியம்மாவும் சோடியா இருக்கிறியள். நீங்களே நிண்டு செய்யுங்கோ” என்றார் ஐயர். முறை அதுதான். நானும் தலையாட்டினேன்.

அன்று பின்னேரம் தங்கச்சிக்கு வீடியோவில் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“நல்லது அக்கா. நான் அங்கை வந்து நிண்டிருந்தாலும் என்னைப் பின் கதிரையிலைதானே இருத்தியிருப்பினம். புருஷன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாதவளிட்டை ஆர் செம்பைத் தரப்போகினம்? அமெரிக்கன் விடேல்லை எண்டு சொல்லுறது எனக்கு மரியாதை.”

எனக்குச் சுருக்கென்றது. நாடு நாடாக நாங்கள் ஏசித் திரிகிற எல்லைக்கோடு எங்கள் கலியாண மண்டபத்துக்குள்ளேயும் ஒன்று கிடக்கிறது என்று அவள் சொல்லாமல் சொல்லிவிட்டாள். கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு படியில் தங்கச்சியின் மகள் நின்றிருக்கிறாள். இரவுச் சாப்பாட்டு மேசையில், மாப்பிள்ளையும் இருக்கும்போது, தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: “பெரியம்மா, கலியாணத்துக்கு முதல் நான் அம்மாவைக் கண்ணாலை பாக்கவேணும். போனிலை இல்லை. கண்ணாலை.”

மாப்பிள்ளைதான் முதலில் வாய் திறந்தான். அவனுக்கு மீன்பிடியில் பைத்தியம். “அன்ரி, குயின்ஸ்ரன் தெரியுமா? நான் ஃபிஷிங் போற பிளேஸ். அங்க ரிவர் நரோ. அதர் சைட் லூயிஸ்ரன், அமெரிக்கா. விண்ட் சரியா இருந்தா அவங்க சிரிக்கிறதே எங்களுக்குக் கேக்கும்.”

அதாவது, ஒருவரும் எல்லையைக் கடக்கத் தேவையில்லை. அவள் அந்தக் கரையில் நிற்பாள். நாங்கள் இந்தக் கரையில் நிற்போம். ஆற்றைப் பார்ப்பதற்கு விசா வேண்டுமா என்ன?

எனக்கு எழும்பி ஆடலாம் போல இருந்தது. வீட்டுக்காரர்தான் முகத்தைத் தொங்கப் போட்டார். “வேண்டாம். அவள் வரவேண்டாம். அந்த றோட்டெல்லாம் எல்லைப் பொலிஸ். பஸ்ஸை மறிச்சு ஏறிப் பாக்கிறாங்கள். நான் கண்ணாலை கண்டனான்.”

விடுவேனா? “இஞ்சேருங்கோ, அவளிட்டை வேலை அனுமதி இருக்கு. கேஸ் நடக்கிற பேப்பர் இருக்கு. கள்ளக் குடியேற்றம் இல்லை. சட்டப்படி இருக்கிறவைக்கு ஒரு பயமும் இல்லை எண்டு இவ்வளவு நாளும் சொன்னது ஆர்?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் இன்னும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கனநேரம் விரலால் மேசையைத் தட்டிவிட்டு, “பஸ்ஸிலை வரவேண்டாம். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். மறிச்சால் நான் பக்கத்திலை இருப்பன்” என்றார்.

கலியாணத்துக்கு முந்திய வார இறுதியை முடிவு செய்தோம். சனிக்கிழமை காலை அவர் காரில் புறப்பட்டார். வெறுங்கையோடு மங்கலக் காரியத்துக்கு ஆளை அனுப்பலாமா? மண்டபத்துக்கு என்று துலக்கி வைத்திருந்த பித்தளைச் செம்பைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். கூடவே ஒரு பையில் அறுகம்புல்லும் அரிசியும் கலந்து கட்டினேன். தாய் நின்று அறுகரிசி தூவாமல் என்ன ஆசீர்வாதம்?

மத்தியானம் அந்தப் பக்கத்திலிருந்து போன் வந்தது. குரலில் நெருப்பு.

“நீர் ஏன் உதைக் கட்டித் தந்தனீர்? பச்சைப் புல்லும் அரிசியும் கொண்டுபோகேலாது எண்டு தெரியாதே? முழுக் காரையும் கிளறிப்போட்டாங்கள். நான் இத்தனை வரியமா ஓடுறன், ஒருநாள் எண்டாலும் என்னை ஒதுக்கி நிப்பாட்டினவங்களோ?”

வருடக்கணக்காக எல்லை கடக்கிறவர். செடி, விதை, பழம் ஒன்றும் கொண்டுபோகக் கூடாது என்று பிறருக்குப் படிப்பிக்கிறவர். அறுகரிசியை நான் கொடுத்தபோது வாங்கி வைத்தாரே ஒழிய, அது புல் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அது எங்களுக்குக் கலியாணச் சாமான். அதிகாரி தாவரம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டபோதுதான் இவருக்கு மண்டையில் உறைத்திருக்கிறது.

“கேட்டால் இல்லையெண்டு சொல்லுறதுதானே. ஒரு பிடி புல்லு” என்றேன்.

“நான் ஒளிச்சுக் கொண்டுபோறவன் இல்லை” என்று சொல்லிப் போனை வைத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அறுகரிசி குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. வெறும் செம்போடு மனுசன் நியூஜேர்சிக்குப் போனார்.

ஞாயிறு விடியவே மகளுக்குப் பட்டுச் சேலை உடுத்திவிட்டேன். மாப்பிள்ளை கார் ஓட்ட, நாங்கள் குயின்ஸ்ரன் போய்ச் சேர்ந்தோம். பள்ளமாக இறங்கும் பாதை. இரண்டு பக்கமும் மரம் மூடிய செங்குத்துப் பாறை. நடுவில் ஆறு. அருவியின் இரைச்சல் இங்கே இல்லை. ஆனால் தண்ணீர் ஓடிய வேகத்தைப் பார்த்து நான் இரண்டடி பின்னால் வைத்தேன். நாலு பெரிய ஏரிகளின் தண்ணீர் இந்த இடுக்குக்குள்ளால்தான் போகிறது என்று மாப்பிள்ளை சொன்னான். பச்சை நிறத்தில், சுழிகள் திறந்து திறந்து மூட, ஒரு சத்தமும் போடாமல் போய்க்கொண்டிருந்தது. மேல்பக்கத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த நாட்களிலும் இதே தண்ணீர்தானே இப்படிப் போயிருக்கும் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

எங்கள் கரையில் ஒரு வெள்ளைக்கார முதியவர் மடக்குக் கதிரையில் இருந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்க்கரையிலும் ஒருவர் அதே மாதிரிக் கதிரையில் இருந்தார். இந்தப் பக்கம் நின்ற மரம்தான் அந்தப் பக்கமும். ஒரு கடற்புறா இங்கே இருந்து எழும்பி, அங்கே போய் இருந்து, சலித்துப்போய்த் திரும்பி வந்தது. அந்தக் கரைக்கு வர என் தங்கச்சி காடெல்லாம் கடந்தாள் என்பதும், அங்கிருந்து இந்தக் கரைக்கு வர அவளால் முடியாது என்பதும் அந்த இடத்தில் நின்று பார்க்க நம்ப முடியாமல் இருந்தது.

சொன்ன நேரத்துக்கு அவர்கள் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. எதிர்க்கரையில் கோடு போட்ட பொலிஸ் வண்டி ஒன்று மெல்ல வந்து, தண்ணீரோரம் திரும்பி, மேலே போனது. மகள் என் கையைப் பிடித்தாள். நான் கும்பிடாத தெய்வம் இல்லை. வரச்சொல்லிக் கேட்டது நாங்கள். பிடித்துக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை கலியாணச் சேலை உடுப்பாளா? நான்தான் எந்த முகத்தோடு மணவறையில் நிற்பேன்?

எதிர்க்கரைப் படிக்கட்டில் ஒரு சிவப்பு தெரிந்தது.

நான் என் தங்கச்சியை அறிவேன். அமெரிக்காவுக்குப் போன நாளிலிருந்து கறுப்பும் சாம்பலும் தவிர வேறு நிறம் போடாதவள். கூட்டத்தில் யாருடைய கண்ணிலும் தட்டுப்படக் கூடாது என்று வாழப் பழகியவள். அவள் அன்று தன்னுடைய கூறைச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். தன் கலியாணத்தன்று உடுத்த அதே சேலை. ஊரிலிருந்து, மகளை வளர்த்த மாமி பார்சலில் அனுப்பியிருந்தாளாம், எங்களுக்கு மூச்சுக்கூட விடவில்லை. எல்லைப் பொலிஸ் சுற்றுகிற கரையில், ஒரு மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற சிவப்பில், நெற்றியில் பொட்டோடு, என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

மகளுக்குத் தாயின் முகம் அந்தத் தூரத்தில் தெரிந்திராது. ஆனால் அந்தச் சேலையை அவள் படத்தில் பார்த்தே வளர்ந்தவள்.

“அம்மா” என்று கத்தினாள்.

அக்கரையில் சிவப்பு அப்படியே நின்றது. கொஞ்சம் பொறுத்து, பாறையில் பட்டு மெலிந்து, ஒரு சத்தம் வந்தது. என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை. குரல் அவளுடையது. மகள் தண்ணீரோரம் வரை ஓடிவிட்டாள், மாப்பிள்ளை பின்னால் ஓடிப் பிடித்தான். பக்கத்தில் இருந்த முதியவர் தன் தூண்டிலைச் சுற்றி எடுத்து, கதிரையை மடித்துக்கொண்டு, எங்களுக்கு இடம் விட்டுப் பின்னால் போனார்.

அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் வண்டி திரும்பி வந்தது. இந்த முறை நின்றது. ஒருவர் இறங்கினார். என் வீட்டுக்காரர் தங்கச்சியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையும் வெளியே தெரிய, அவரை நோக்கித் தானாகவே நடந்தார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவர் கடதாசிகளை நீட்டுவது தெரிந்தது. எங்கள் பக்கம் கை காட்டுவது தெரிந்தது. அந்த மனிதர் எங்களைப் பார்த்தார். பட்டுச் சேலையில் ஒரு பெட்டையும், பக்கத்தில் ஒரு பெடியனும், நெஞ்சில் கை வைத்தபடி நானும். பிறகு கடதாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்த் தன் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார். போகவில்லை. கிட்டே வரவும் இல்லை.

பிறகு வீட்டுக்காரர் சொன்னார்: “நான் கதவைத் தட்டின மாதிரித்தான். எல்லாத்தையும் உள்ளபடி சொன்னனான். இவள் என்ரை மச்சாள், அது இவளின்ரை மகள், வாற சனி கலியாணம், கொஞ்சம் தண்ணி வாக்கப்போறம் எண்டு சொன்னனான். எவ்வளவு நேரம் செல்லும் எண்டு கேட்டான். அவ்வளவுதான்.” இன்னொரு நாள் என்றால், இன்னொரு ஆள் என்றால் என்ன நடந்திருக்கும் என்று அவருக்கும் தெரியும்.

அறுகரிசி இல்லை. செம்பு இருந்தது. தண்ணி வார்ப்பது யாருடைய யோசனை என்று இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவர் அவளைச் சொல்கிறார், அவள் அத்தானைச் சொல்கிறாள். தங்கச்சி குனிந்து, ஆற்றில் செம்பை அமிழ்த்தி எடுத்தாள். வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் ஏந்தி நீட்டினார், மகளின் கையை அந்தத் தூரத்திலிருந்தே பிடித்துக் கொடுக்கிறவர் போல. என்ன செய்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. “கையைக் குடு பிள்ளை, மாப்பிள்ளையின்ரை கையிலை கையைக் குடு” என்று கத்தினேன்.

இக்கரையில் கையில் கை வைத்தாள். அக்கரையில் தங்கச்சி வார்த்தாள். வெயிலில் அந்தத் தண்ணீர் ஒரு கோடாக இறங்குவதை நாங்கள் கண்டோம். அவர் கையில் விழுந்து, கையிலிருந்து ஆற்றில் விழுந்து, ஆற்றோடு போனது.

முறைப்படி என் புருஷனோடு சோடியாக நின்று தாரை வார்க்க வேண்டியவள் நான். அந்த இடத்தில் என் தங்கச்சி நின்றாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் எனக்குக் காதால் புகை வந்திருக்கும். அன்று நான் வெறுங்கையோடு நின்று அழுதேன். மண்டபத்தில் எங்களில் ஒருத்தரும் அவளிடம் கொடுத்திராத செம்பை அந்தக் கரையில் அவள் யாரிடமும் கேட்காமல் எடுத்தாள். பின்னுக்குப் போய் இரு என்று சொல்ல அங்கே ஒரு சொந்தமும் இல்லை. அவளை வெளியே விடாத நாட்டின் மண்ணில் நின்றுதான் அதைச் செய்தாள். சுவரை ஆதரிக்கிற என் வீட்டுக்காரர்தான் கையேந்திப் பக்கத்தில் நின்றார். இத்தனை வருடமாக நான் யாரோடு வாழ்ந்திருக்கிறேன் என்று ஒரு பிரமிப்பு வந்தது. இன்றைக்கும் அது போகவில்லை.

தங்கச்சியை நியூஜேர்சியில் பத்திரமாக இறக்கிவிட்டு வீட்டுக்காரர் வீடு திரும்பினார். காரிலிருந்து செம்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினார். வாயைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே தண்ணீர்.

“உம்மடை தங்கச்சிதான் திரும்பவும் அள்ளித் தந்தவள். கனடா வாசலிலை, கொண்டுவாறது ஏதும் இருக்கோ எண்டு கேட்டான். தண்ணி எண்டனான். என்ன தண்ணி எண்டான். ஆத்துத் தண்ணி எண்டனான். திறந்து பாத்தான். ஏன் எண்டு கேட்டான். மகளின்ரை கலியாணம் எண்டனான்.”

“விட்டவனோ?”

“விடாமல்? ஒளிச்சே கொண்டந்தனான்?”

அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கலியாணத்தன்று காலையிலும் மண்டப வாசலில் சம்பந்தியைப் பிடித்துவைத்துக்கொண்டு எல்லைப் பாதுகாப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தி உலகத்தில் எல்லையே இருக்கக் கூடாது என்கிற கட்சி. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் போய்ப் பிரித்துவிட வேண்டியிருந்தது. தங்கச்சியும் வரிசையில்தான் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருகிறது, சண்டை நடக்கிறது.

கன்னிகாதானம் வந்தது. ஐயர் தன் வெள்ளிச் செம்பை என்னிடம் நீட்டினார். வீட்டுக்காரர் அதைத் தடுத்து, கதிரைக்குக் கீழே வைத்திருந்த பித்தளைச் செம்பை எடுத்துத் தாளை அவிழ்த்தார்.

“இது என்ன தண்ணி?” என்று கேட்டார் ஐயர்.

“தாயின்ரை” என்றார் அவர்.

ஐயர் செம்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு தன் செம்பை அப்பால் வைத்துவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார். வீட்டுக்காரர் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். நான் வார்த்தேன். வார்த்து முடியும் வரைக்கும் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் கையில் விழுந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.